துரு இருந்த மூலை

வக்கீலம்மா யெசேனியா பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். நல்ல சேதி மட்டும் கொண்டுவருகிறவர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவார்கள் என்பது டெல்பினா சிக்காய்க்குத் தெரியும். கையுறைகளைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் பைக்குள் செருகிக்கொண்டு காத்திருந்தாள்.

"டோன்யா டெல்பினா, உங்க வீட்டுக்காரர் பேரு கிடைச்சிருச்சு."

கொட்டகையில் பழைய காகிதங்களின் மேல் தூரிகைகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தேழு வருடமாக அந்தப் பெயரை அவள் ஒருத்திதான் சொல்லிக்கொண்டு அலைந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலில், பிணவறை வாசலில், ராணுவ முகாம் கேட்டில், மந்திரி ஆபீஸ் வராந்தாவில். இலாரியோ துபாக், ரொட்டி சுடுகிறவன், முப்பத்தொரு வயது. அப்படி ஒரு ஆளே இந்த நாட்டில் பிறக்கவில்லை என்பதுபோல எல்லா ஜன்னலும் பதில் சொன்னது. இப்போது இந்தப் பெண் வாயிலிருந்து அந்தப் பெயர் வரப்போகிறது என்றதும் டெல்பினாவுக்குக் காது அடைத்துக்கொண்டது.

"எங்க கிடைச்சுது?"

"இங்கதான். நம்ம கிடங்குலதான்."

உள்நாட்டுப் போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் அந்தக் கிடங்கு வெளியே தெரிந்தது. கௌதமாலா நகரத்தின் ஓரத்தில், நசுங்கிய போலீஸ் கார்கள் குவிந்துகிடந்த மைதானத்துக்குப் பின்னால் அது இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் காகிதம். எலிப் புழுக்கையும் வௌவால் எச்சமும் மழைத் தண்ணீரும் ஊறிய காகிதம். நூறு வருடத்துப் போலீஸ் எழுதியதெல்லாம் அங்கே அழுகிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற ஆள் எடுத்தபோது முதல் மாதமே போய் நின்றவள் டெல்பினா. 'என்ன வேலை தெரியும்' என்று கேட்டார்கள். 'துவைக்கத் தெரியும்' என்றாள். ஒன்பது வயதிலிருந்து பொதுத் தொட்டியில் ஊரார் துணி துவைத்தவள். அவளைத் துடைக்கும் மேசையில் போட்டார்கள். ஆறு வருடமாக அதே மேசை.

யெசேனியா பிளாஸ்டிக் உறையில் போட்ட இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள்.

"படிச்சுப் பாருங்க. மெதுவா."

முதல் தாள் ஒரு பட்டியல். நான்கு பெயர்கள். நான்குமே ரொட்டித் தொழிலாளர் சங்கத்து ஆட்கள். மூன்றாவது, இலாரியோ துபாக். இடது முழங்கையில் அடுப்புத் தழும்பு. நடக்கும்போது வலது பக்கம் சாய்வான். பதினொரு நாள் பின்தொடர்ந்து எழுதிய குறிப்புகள் கீழே இருந்தன. டெல்பினா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆறாவது நாள் குறிப்பில் விரல் நின்றது.

'பிற்பகல் 4.40. வீடு எண் 14. தண்ணீர் கேட்டேன். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தாள்.'

அவள் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். முகம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இரண்டாவது தாளில் இரண்டே வரி. 'மேற்படி பட்டியலில் கண்ட நால்வரும் இன்று பிடிக்கப்பட்டு, உத்தரவுப்படி ஒப்படைக்கப்பட்டனர்.' கீழே முத்திரை. தேதி. போலீஸ் நிலையத் தலைவர் எவாரிஸ்தோ லேமுஸ் என்று கொட்டை எழுத்தில் கையெழுத்து. தேதி அவளுக்கு மனப்பாடம். அன்றைக்கு மத்தியானம், மாவு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனை லாரிக்குப் பக்கத்திலிருந்தே தூக்கிப் போனார்கள். அரை மூட்டை மாவு ரோட்டில் கொட்டிக்கிடந்ததை அவள் போய்ப் பார்த்தாள்.

"இந்த லேமுஸ் இருக்கானா?"

"இருக்கான். எழுபத்தெட்டு வயசு. பிடிச்சாச்சு. அடுத்த மாசம் விசாரணை."

"அப்புறம் என்ன? இது போதாதா?"

யெசேனியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். "ரெண்டும் ஒண்ணா இருந்த தாளுன்னா போதும். பட்டியல்ல கையெழுத்து இல்ல. கையெழுத்துத் தாள்ல பேரு இல்ல. தனித்தனியா வச்சா ரெண்டும் வெத்துக் காகிதம். ஒரே கட்டுலதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு முன்னூத்திப் பதினொண்ணாம் தாளு, இன்னொண்ணு முன்னூத்தி நாப்பதாம் தாளு. நடுவுல வேற என்னென்னமோ கிடக்கு."

"கிளிப் போட்டிருப்பாங்களே. துருக்கறை இருக்குமே. ரெண்டு மூலையையும் பொருத்திப் பார்த்தா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். உறைக்குள் இருந்த தாள்களின் மேல் மூலைகளைப் பார்த்தாள். இரண்டும் வெளுத்த துணிபோலச் சுத்தமாக இருந்தன.

யெசேனியா மூன்றாவதாக ஒரு சீட்டை எடுத்தாள். கட்டோடு கூடவே போகும் வேலைச் சீட்டு. முதல் வருடம், மூன்றாவது மாதம். 'துடைத்தவர்' என்ற இடத்தில் டெல்பினா தன் கையாலேயே போட்ட பெயரின் முதலெழுத்து இரண்டும் இருந்தது.

"நானா?"

"நீங்கதான் டோன்யா."

அந்த முதல் வருடத்தில் யாருக்கும் எந்த முறையும் தெரியாது. நனைந்த காகிதத்தை என்ன செய்வது என்று படித்தவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, டெல்பினாதான் கொட்டகைக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். கட்டைப் பிரித்தாள், கிளிப்பைக் கழற்றினாள், தாள் தாளாகக் கொடியில் போட்டுக் கவ்வியை மாட்டினாள். சாயங்காலம் காய்ந்ததும் துணி எடுப்பதுபோல வாரி எடுத்து, கைக்கு வந்த வரிசையில் அடுக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். துருக்கறையைப் பிளேடு நுனியால் சுரண்டி, பிறகு ரொட்டியின் வெள்ளைச் சதையை உருட்டித் தேய்த்து எடுத்தாள். அது இலாரியோ கற்றுக்கொடுத்தது. அடுப்புச் சுவரில் படிந்த கரியை அவன் அப்படித்தான் எடுப்பான். அவள் துடைத்த தாளைப் பார்த்தால் கிளிப் இருந்ததா என்றே தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குக்கூட அவள் மேசையைக் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து வேறொரு நிபுணர் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். ரொட்டி கூடாது, கொடி கூடாது, துருவை முழுதாக எடுக்கக்கூடாது, கிளிப் இருந்த தாள்கள் இரண்டிலும் பென்சிலால் ஒரே எண்ணைப் போட வேண்டும். அன்றிலிருந்து அப்படித்தான். அதற்கு முன்பு துடைத்தது துடைத்ததுதான்.

"நான் இதைப் பார்த்ததே இல்லையேம்மா. இவர் பேரு என் கையில வந்திருந்தா எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?"

கேட்கும்போதே பதிலும் அவளுக்குத் தெரிந்தது. துடைக்கிறவர்கள் படிக்கக்கூடாது என்பது கொட்டகையின் முதல் சட்டம். முதல் வாரத்தில் ஆளாளுக்குத் தன் ஆளைத் தேடி, கிடைத்ததும் கிடைக்காததுமாக அழுது, வேலை நின்றுபோனது. அதனால் படிப்பதற்கு வேறு மேசை போட்டார்கள். மற்றவர்கள் சட்டத்தை மீறி ஓரக்கண்ணால் படித்தார்கள். டெல்பினாவால் முடியவில்லை. பிணங்களின் படம் வரும். அதனால் அவள் ஒவ்வொரு தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு துடைத்தாள். எழுத்து எழுத்தாகத் தெரியாமல், வெறும் கறையாகத் தெரியும்.

இலாரியோவையும் அப்படித்தான் துடைத்திருக்கிறாள். தலைகீழாக.

*

அடுத்த மேசை மக்காரியாவிடம் விஷயம் போவதற்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. மக்காரியாவுக்கு அறுபத்திரண்டு வயது, வாய்க்கு இருபது வயது. அவளுடைய இரண்டு தம்பிகளும் ஒரே நாளில் போனவர்கள். சாப்பாட்டு வேளையில் சோள ரொட்டிக்குள் கறுப்பு பீன்ஸை அழுத்திச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு? கோர்ட்ல ஏறி நில்லு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, என் கையாலதான் கிளிப்பைக் கழத்துனேன்னு சொல்லு. யாரு வந்து இல்லேன்னு சொல்லப்போறா? எலியா?"

"எனக்கு ஞாபகம் இல்லையே மக்காரியா."

"ஞாபகத்தை வச்சு ஊறுகாயா போடப்போற? அவனுங்க ஒருத்தனாவது உண்மை சொல்லியிருக்கானா இன்னிவரைக்கும்? நீ மட்டும் பெரிய கன்யாஸ்திரீ."

"ஒரு நாளைக்கு இருநூறு தாளு. அதுல எது எதோட இருந்துச்சுன்னு..."

"அந்தாளு கையெழுத்து போட்டது பொய்யா? உன் புருஷனைத் தூக்கிட்டுப் போனது பொய்யா? நடுவுல ஒரு கிளிப்புதானே. அதை நீ சொல்லு."

டெல்பினாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் அதையே சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டு, உதடு அசையாமல். பெரிய கிளிப்பு, விரல் நீளம் இருக்கும், இடது மூலை. மூன்றாம் நாள் இன்னொன்று ஞாபகம் வந்து, வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்த பால்பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு யெசேனியாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

"என்ன டோன்யா இது?"

"முதல் வருஷத்துல கழத்துன கிளிப்புங்க. குப்பையில போடச் சொன்னாங்க. மனசு வரலை, கொண்டுபோய் வச்சிருந்தேன். இதுக்குள்ளதான் அதுவும் இருக்கு."

யெசேனியா மூடியைத் திறந்தாள். துருப்பிடித்த கிளிப்புகள் விளிம்புவரை இருந்தன. மூவாயிரமோ நாலாயிரமோ. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிறம். அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள், திருப்பிப் போட்டாள். சிரிப்பதா என்னவென்று தெரியாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். டெல்பினாவே டப்பாவை மூடினாள்.

"சரி விடுங்க. நான் நேரடியாவே சொல்லிடறேன். ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, பார்த்தேன்னு."

"பார்த்தீங்களா?"

டெல்பினா டப்பா மூடியை இன்னொரு தடவை அழுத்தினாள்.

"டோன்யா, நான் கேட்டதாவே வேண்டாம். நீங்க சொன்னதாவும் வேண்டாம். ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க." யெசேனியா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "எதிர்த்தரப்புல போனிபாஸ்னு ஒரு வக்கீல் வர்றாரு. நீங்க பொய் சொல்றீங்கன்னு அவரு ஒரு நூலைப் பிடிச்சா போதும். இந்தக் கிடங்குல வேலை செய்யறவங்க எல்லாம் செத்தவங்களோட சொந்தக்காரங்க, அவங்களே தாளைச் சேர்த்து வச்சுக்கறாங்கன்னு சொல்லிருவாரு. எந்தப் பேப்பரும் நம்பிக்கையில்லன்னு ஆகிடும். இன்னும் மூணு கேஸ் இந்தப் பேப்பரை நம்பித்தான் நிக்குது. அடுத்தது யாருது தெரியுமா? உங்க மக்காரியாவோட தம்பிங்க கேஸ்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"அப்ப உண்மையைச் சொன்னா என் புருஷன் கேஸ் போகும். பொய் சொன்னா அவ தம்பிங்க கேஸ் போகும்."

"உண்மையைச் சொல்லியே ஜெயிக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. சின்ன வழிதான். உங்க கைவேலையைக் காட்டணும்."

மறுநாள் மக்காரியாவிடம் டெல்பினாவே சொன்னாள். மக்காரியா மென்றுகொண்டிருந்ததை விழுங்கவில்லை. தூரிகையை எடுத்து ஏற்கெனவே துடைத்த தாளையே மறுபடி துடைத்தாள். அதற்குப் பிறகு விசாரணை நாள்வரை அவள் 'சொல்' என்றும் சொல்லவில்லை, 'சொல்லாதே' என்றும் சொல்லவில்லை. தினமும் டெல்பினாவுக்கு ஒரு டம்ளர் சோளக்கஞ்சி மட்டும் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

*

லேமுஸைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். டெல்பினா ஒரு பெரிய உருவத்தை எதிர்பார்த்திருந்தாள். நாற்காலியில் இருந்தவனுக்குக் காதில் முடி, முழங்காலில் கம்பளி, மூக்கில் குழாய். மகள் பக்கத்திலேயே நின்று அடிக்கடி வாயைத் துடைத்துவிட்டாள். தூங்குகிறானா கேட்கிறானா என்று தெரியவில்லை. கையெழுத்து தன்னுடையதுதான் என்று அவனே ஒப்புக்கொண்டான். "எத்தனையோ போட்டிருக்கேன். நாலு பேருன்னா எந்த நாலு பேரு? குடிகாரனா இருக்கும்," என்றான்.

மூன்று நீதிபதிகளில் நடுவில் இருந்த அம்மாள் டெல்பினாவைக் கூப்பிட்டாள். யெசேனியா எழுந்தாள்.

"டோன்யா டெல்பினா, இந்த ரெண்டு தாளோட மூலையிலயும் துருக்கறை இல்லை. அதனால கிளிப்பே இருந்ததில்லைன்னு எதிர்த்தரப்பு சொல்றாங்க. கறை இருந்து நீங்க எடுத்திருக்க முடியுமா?"

"முடியும். அந்த வருஷம் எல்லாத்துலயும் எடுத்தேன்."

"கோர்ட்டுக்குக் காட்ட முடியுமா?"

போனிபாஸ் ஆட்சேபிப்பார் என்று யெசேனியா எதிர்பார்த்தாள். அவர் கையை விரித்து, தாராளமாக, என்பதுபோலத் தலையாட்டினார். கோர்ட் அலமாரியிலிருந்து யாருக்கும் வேண்டாத ஒரு பழைய நோட்டீஸை எடுத்தார்கள். மூலையில் கிளிப் துருவாகவே மாறித் தாளுக்குள் இறங்கியிருந்தது. ஒரு பிளேடு கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு காவலரை நிறுத்தினார்கள்.

"வேற என்ன வேணும்?" என்றாள் நீதிபதி.

"ரொட்டி வேணும்மா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கினார்கள். இன்னொரு காவலர் படிக்கட்டில் உட்கார்ந்து விற்கிறவளிடம் வாங்கிவரக் கிளம்பினார். கதவருகே நின்று கேட்டார்: "டோன்யா, சர்க்கரை போட்டதா, சாதாவா?"

"பிரெஞ்சு ரொட்டி. நேத்து சுட்டது இருந்தா கேளுங்க. இன்னைக்குச் சுட்டது தாள்ல ஒட்டும்."

ரொட்டி வந்தது. டெல்பினா அதைப் பிளந்து வெள்ளைச் சதையைக் கிள்ளி உருட்டினாள். தாளை மேசைமேல் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். பழக்கம். கிளிப்பின் மேல் வளைவைப் பிளேடு நுனியால் நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவினாள். பழுப்புக் கோடு இரண்டு இருந்தது. பிளேடைப் படுக்கவைத்து, மூச்சை அடக்கி, பொடியாக உதிர்த்தாள். ஊதினாள். பிறகு ரொட்டி உருண்டையை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக உருட்டினாள். உருண்டை பழுப்பானதும் போட்டுவிட்டு வேறொன்று கிள்ளினாள். ஐந்தாவது உருண்டை வெள்ளையாகவே வந்தது. அந்த ஒன்பது நிமிடமும் கை அவள் சொன்னபடி கேட்டது. வேலையில் இருக்கும்போது மட்டும் வரும் ஒரு நிம்மதிகூட வந்தது. நிமிர்ந்தபோதுதான் எங்கே நிற்கிறோம் என்பது ஞாபகம் வந்தது.

தாளை மூன்று நீதிபதிகளும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் பூதக்கண்ணாடி கேட்டார். நடுவிலிருந்த அம்மாள் விரலால் மூலையைத் தடவிப் பார்த்தாள்.

"ஆக, கறை இல்லைங்கறதால கிளிப் இருந்ததில்லைன்னு அர்த்தம் இல்லை," என்றாள் யெசேனியா. "அதை மட்டும்தான் நிரூபிக்க நினைச்சேன்." உட்கார்ந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

போனிபாஸ் எழுந்து தாளைக் கையில் வாங்கினார். நல்ல மனிதர்போல இருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அற்புதமான கைம்மா உங்களுக்கு. எங்க வீட்ல சட்டை துவைக்கறவங்க உங்ககிட்ட வந்து கத்துக்கணும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்ப இதைப் புதுசா ஒருத்தர்கிட்ட கொடுத்தா, இதுல கிளிப் இருந்துச்சா இல்லையான்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"எந்தத் தாளோட சேர்ந்திருந்துச்சுன்னு?"

"முடியாது."

"உங்களால?"

டெல்பினா தாளைப் பார்த்தாள். அவள் துடைத்ததிலேயே நன்றாக வந்த தாள் அது. "என்னாலயும் முடியாதுங்க."

"வக்கீலம்மா சொன்னதை நான் ஒத்துக்கறேன் கனம் நீதிபதி அவர்களே. கறை இல்லாதது எதையும் நிரூபிக்கலை. நானும் அதையேதான் சொல்றேன். எதையும் நிரூபிக்கலை." பிறகு டெல்பினா பக்கம் திரும்பினார். "கடைசியா, அம்மா. இந்தப் பட்டியலையும் இந்தக் கையெழுத்துத் தாளையும் ஒண்ணா, சேர்ந்து இருக்கறதை, உங்க கண்ணால பார்த்த ஞாபகம் இருக்கா?"

வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. பெரிய கிளிப்பு, விரல் நீளம், இடது மூலை. பஸ்ஸில் நின்று நூறு தடவை சொன்னது. டெல்பினா பார்வையாளர் பக்கம் திரும்பினாள். மூன்றாவது வரிசையில் மக்காரியா மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சொல் என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். வேண்டாம் என்று பார்த்திருந்தாலும், அந்தக் கோபத்திலேயே சொல்லியிருப்பாள்.

"நான் தாளைத் தலைகீழா வச்சுத்தாங்க துடைப்பேன்," என்றாள் டெல்பினா. "எதையும் பார்க்கலை."

"வேற கேள்வி இல்லை," என்றார் போனிபாஸ். போகும்போது மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தன் கைக்குட்டையால் ஒதுக்கி, அவள் இறங்கிவரப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினார்.

*

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தாள்கள் இரண்டும் உண்மையானவை. முத்திரை உண்மை, கையெழுத்து உண்மை. நான்கு பேர் பிடிக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டதும் உண்மை. அந்த நான்கு பேர் யார் என்பது மட்டும் சந்தேகத்துக்கு அப்பால் தெளிவாகவில்லை. எனவே எவாரிஸ்தோ லேமுஸ் வீட்டுக்குப் போகலாம். கிடங்கின் காகிதங்களை நம்பத்தக்க சாட்சியமாக இந்த நீதிமன்றம் ஏற்கிறது என்றும், துடைத்த பெண்மணியின் நேர்மை பாராட்டத்தக்கது என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்த வரியை யெசேனியா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். கேட்டுக்கொண்டு டெல்பினா தலையாட்டினாள். அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, அதனால்தான் ஆட்டினாள்.

வராந்தா குறுகல். சக்கர நாற்காலிக்கு வழிவிட எல்லோரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். டெல்பினாவும் ஒட்டி நின்றாள். நாற்காலி அவளுக்கு நேரே வந்ததும் லேமுஸ் தலையை நிமிர்த்தினான். அவனுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

"வணக்கம் சீன்யோரா," என்றான் மரியாதையாக.

"வணக்கம்," என்றது டெல்பினாவின் வாய்.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஐம்பது வருடப் பழக்கம், யார் சொன்னாலும் திருப்பிச் சொல்வது. நாற்காலி திரும்பி மறைந்துவிட்டது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மக்காரியா வந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடி. மழை வருது. பஸ் போயிரும்."

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது நிறுத்தத்தில் மக்காரியா ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, "நான் அன்னிக்கு உன்னைப் பார்த்திருக்கணும்," என்றாள்.

"பார்த்து?"

"தெரியலை. பார்த்திருக்கணும்."

ராத்திரி ஹூஸ்டனிலிருந்து மகள் போன் செய்தாள். அன்றைக்கு வயிற்றில் இருந்தவள் அவள்தான். என்ன ஆச்சும்மா என்று கேட்டாள். உங்கப்பா பேரு இருக்கு, பேப்பர்ல இருக்கு, கோர்ட்டே ஒத்துக்கிச்சு என்று டெல்பினா சொன்னாள். அப்ப அவன் உள்ளதானே என்றாள் மகள். டெல்பினா, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். மேலாளர் தோன் அன்செல்மோ நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க டோன்யா. இல்லேன்னா படிக்கற மேசைக்கு மாத்தித் தர்றேன். இனிமே நீங்க துடைக்க வேண்டாம்."

"படிச்சு என்ன செய்யப்போறேன்? இங்கயே இருக்கேன்."

மேசையில் புதுக் கட்டு ஒன்று காத்திருந்தது. சீட்டைப் பார்த்தாள். அதே நிலையம், அதே வருடம், வேறொரு மாதம். மேலே இரண்டு தாள், ஒரு கிளிப். கிளிப் கறுத்துத் தடித்திருந்தது. முறைப்படி உருவினாள். இரண்டு தாளிலும் பென்சிலால் ஒரே எண்ணைப் போட்டாள். கிளிப்பைச் சின்ன உறையில் போட்டு அதன்மேலும் அந்த எண்ணை எழுதினாள். பழுப்புக் கோடு இரண்டு தாளிலும் அச்சாகப் பொருந்தியது. அதைத் தொடவில்லை. தொடாமல் இருக்க விரலை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக, தாளை நேராகத் திருப்பினாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

முதல் தாள், நிலையத்துக்குப் பன்னிரண்டு துடைப்பமும் நான்கு வாளியும் வேண்டும் என்று ஒரு விண்ணப்பம். இரண்டாவது தாளில் இரண்டே வரி. மேற்படி பட்டியலில் கண்டவை அனைத்தும் இன்று பெற்றுக்கொள்ளப்பட்டன. முத்திரை. தேதி. கொட்டை எழுத்தில் எவாரிஸ்தோ லேமுஸ்.

"என்னடி அப்படிப் பார்க்கற?" என்றாள் மக்காரியா பக்கத்து மேசையிலிருந்து. "யாரு பேராவது இருக்கா?"

"இல்லை," என்றாள் டெல்பினா. "துடைப்பம்."

இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மூலையோடு மூலை பிசகாமல் வைத்து, எண்ணிடும் மேசைக்குத் தள்ளினாள். அடுத்ததை எடுத்தாள்.